ஆதரவாளர் பேசும் தேர்தல் விளம்பரம்: யார் பேசினால் யார் மனம் மாறுகிறது?

#1 கத்தரிமேசை

ஒரு தொகுதி, ஒரு வேட்பாளர். கையில் மூன்று வகை ஆதரவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த திரைமுகம் ஒன்று. பெரிய தொழிற்சங்கத்தின் ஆதரவுக் கடிதம் ஒன்று. கேமரா முன்னால் பேசத் தயாராக இருக்கும் சாதாரண ஆட்கள் பன்னிரண்டு பேர். வாக்குப்பதிவுக்கு ஐந்து வாரம். மூன்றுக்கும் செலவழிக்கப் பணம் இல்லை.

பிரசாரக் குழுக்கள் யோசிக்காமல் திரைமுகத்தின் பக்கம் சாய்கின்றன. அது சரிதானா? சாதாரண ஆட்களை வைத்து எடுக்கிற படங்கள் ஏன் பெரும்பாலும் சவசவ என்று வந்து நிற்கின்றன? எடுப்பது, வெட்டுவது, சோதிப்பது மூன்றிலும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தக் கட்சி நல்லது என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம்.

#2 மையப்புள்ளி

யார் பெரிய ஆள் என்று பார்க்காமல், அந்த ஆதரவைப் பார்த்ததும் வாக்காளர் வேட்பாளரைப் பற்றி எதை ஊகிக்கிறார் என்று பாருங்கள். ஊகிக்க ஒன்றும் இல்லையென்றால் எவ்வளவு பெரிய முகமும் வெறும் முகம்தான்.

1988இல் கலிபோர்னியாவில் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி ஐந்து முன்மொழிவுகள் ஒரே நாளில் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒவ்வொன்றும் வழக்கறிஞருக்கே தலைசுற்றுகிற சிக்கல். அதை ஆராய்ந்து ஆர்தர் லூப்பியா என்ற அரசியல் அறிவியலாளர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். முன்மொழிவின் விவரம் தெரியாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று தெரிந்திருந்தவர்கள், விவரமெல்லாம் தெரிந்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். நிறுவனங்கள் ஆதரித்ததை எதிர்ப்பதற்கு அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது: காப்பீட்டு நிறுவனத்துக்கு எதில் லாபம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதன் நிலைப்பாடு தகவலாக வேலை செய்தது. உங்கள் தொழிற்சங்கக் கடிதமும் அப்படித்தான். சங்கம் யாருக்காக நிற்கிறது என்று தெரிந்த வாக்காளரிடம் அந்தக் கடிதம் பேசும். மற்றவரிடம் அது ஒரு முத்திரைப் படம். எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பெயர் வைத்துக்கொண்ட அமைப்புகளின் ஆதரவு இன்னும் மோசம். அப்படிப்பட்ட பெயரைக் கேட்டதும் வாக்காளர் "நம் கருத்துதான் இவர்களுக்கும் இருக்கும்" என்று தானாக முடிவுகட்டிக்கொள்கிறார். கிடைப்பது தகவல் அல்ல, மயக்கம்.

அடுத்து, ஆதரவு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது. அமெரிக்கப் பத்திரிகைகள் 2000, 2004 அதிபர் தேர்தல்களில் தலையங்கத்தில் அறிவித்த ஆதரவுகளைச் சியாங், நைட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள் (2011). ஜனநாயகக் கட்சி வேட்பாளரை இடது சாய்வுள்ள பத்திரிகை ஆதரித்தால் வாசகரிடம் அசைவு குறைவு. நடுநிலை அல்லது வலது சாய்வுள்ள பத்திரிகை அவரையே ஆதரித்தால் அசைவு அதிகம். அது மனித இயல்பு. 1966இல் வால்ஸ்டர், ஆரன்சன், ஆபிரகாம்ஸ் செய்த சோதனையில் தண்டனை பெற்ற குற்றவாளி "நீதிமன்றங்களுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும்" என்று வாதிட்டபோது, அரசு வழக்கறிஞர் சொன்னால் எவ்வளவு எடுபடுமோ அந்த அளவுக்கு எடுபட்டது. தன் நலனுக்கு எதிராகப் பேசுகிறவனைச் சந்தேகிக்கக் காரணம் கிடைப்பதில்லை.

ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரில் போன தடவை எதிரணிக்கு வாக்களித்தவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்.

#3 எண்கணி

மையப்புள்ளி சொன்னது தத்துவமாகச் சரி. அளவையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் பணத்தைக் கொட்டிவிடுவார்கள்.

கல்லா, புரூக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் 49 களச் சோதனைகளைத் தொகுத்தார்கள். கட்சிப் பெயரோடு நடக்கும் பொதுத் தேர்தலில், பிரசாரத் தொடர்பும் விளம்பரமும் யாருக்கு வாக்கு என்பதை மாற்றுகிற அளவு சராசரியாகப் பூஜ்ஜியம் என்பதுதான் அவர்கள் மதிப்பீடு. இன்னொரு பக்கம் காப்பாக், ஹில், வாவ்ரெக் 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் விளம்பரங்கள் 49ஐ (மறுபடியும் 49, தற்செயல்தான்) 59 சோதனைகளில் 34,000 பேரிடம் காட்டிப் பார்த்தார்கள். வாக்குத் தேர்வில் ஏற்பட்ட மாற்றம் ஒரு சதவீதப் புள்ளிக்கும் கீழே. யார் வெளியிட்டது, தாக்குதலா பாராட்டா என்பதாலெல்லாம் பெரிய வேறுபாடு வரவில்லை.

எனவே ஆதரவு விளம்பரம் எங்கே அசைக்கும் என்று தேட வேண்டும். கட்சிச் சின்னம் முடிவைச் சொல்லிவிடாத இடங்களில் அசைக்கும். கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வு, கட்சி சாராத உள்ளாட்சி, பொதுவாக்கெடுப்பு, புதுமுக வேட்பாளர் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே ஒபாமாவை ஆதரித்த கதையை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். கார்த்வெயிட், மூர் மதிப்பீட்டின்படி 2008 உட்கட்சித் தேர்தலில் அதனால் வந்த கூடுதல் வாக்கு ஏறத்தாழ 10 லட்சம். அவர் பத்திரிகை எங்கே அதிகம் விற்றது, அவர் பரிந்துரைத்த புத்தகங்கள் எங்கே அதிகம் போயின என்று மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டுக் கண்டது அது. ஆனால் அது ஒரே கட்சிக்குள் நடந்த போட்டி. வேட்பாளர் புதியவர். ஓப்ராவோ அதுவரை எந்த அதிபர் வேட்பாளரையும் ஆதரிக்காதவர். இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

மறுபக்கமும் பாருங்கள். 2003 டிசம்பரில் முன்னாள் துணை அதிபர் அல் கோர், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்ற ஹோவர்ட் டீனை ஆதரித்தார். அந்தக் கட்சியில் அதைவிடப் பெரிய பெயர் அப்போது அதிகம் இல்லை. அடுத்த மாதமே அயோவாவில் நடந்த உட்கட்சி வாக்கெடுப்பில் டீன் மூன்றாம் இடம்.

#4 களத்துமேடு

எண்கணி சார், மனமாற்றத்தை மட்டும் அளந்தால் கணக்குப் பாதிதான். வீட்டில் உட்கார்ந்திருக்கிற நம் பக்கத்து ஆளை வாக்குச்சாவடிக்குக் கிளப்புவதும் வாக்குதான்.

பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2018இல் டென்னசியில் செனட் வேட்பாளர் பிரெடசனை ஆதரித்தார். பிரெடசன் தோற்றார். 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸை ஆதரித்து, வாக்காளர் பதிவுத் தளத்தின் இணைப்பையும் போட்டார். 24 மணி நேரத்தில் அந்த இணைப்பு வழியாகப் போனவர்கள் 4,05,999 பேர். ஹாரிஸும் தோற்றார். ரசிகர்கள் இணைப்பைத் தட்டினார்கள், அது உண்மை. ஆனால் எதிரணியில் இருந்தவர் மனம் மாறினார் என்பதற்கு அது சான்றாகாது. திரைமுகத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது இதிலேயே இருக்கிறது: பதிவு, தேதி நினைவூட்டல், கூட்டத்துக்கு ஆள், தன்னார்வலர் சேர்ப்பு. "இவருக்கு வாக்களியுங்கள்" என்று சொல்ல வைத்து மனமாற்றத்தை எதிர்பார்ப்பதுதான் வீண்.

முகம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வேலை. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக்கில் 6.1 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனை இதற்குச் சரியான உதாரணம். ஒரு குழுவுக்கு வெறும் "இன்று வாக்களியுங்கள்" செய்தி. இன்னொரு குழுவுக்கு அதே செய்தி, கீழே ஏற்கெனவே வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் படம், ஆறு பேர் வரை. வெறும் செய்தி பார்த்தவர்கள், எதுவும் பார்க்காதவர்களைவிட அதிகமாக வாக்களிக்கவில்லை. நண்பர் முகம் பார்த்தவர்கள் கொஞ்சம் அதிகமாக வாக்களித்தார்கள். கூடுதல் வாக்கு நேரடியாகச் சுமார் 60,000, நண்பர் வழியாகப் பரவியது 2,80,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பரவிய அந்தப் பங்கு நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான் போனது. தூரத்துப் பழக்கம் ஒன்றும் செய்யவில்லை.

#5 கத்தரிமேசை

நல்லது. அப்படியென்றால் மனமாற்றத்துக்குச் சாதாரண ஆள், அதிலும் மாறி வந்தவர். திரைமுகம் கிளப்புவதற்கு. இனி எடுக்கிற வேலைக்கு வருவோம். வரிவடிவம், இருக்கிறீர்களா?

#6 வரிவடிவம்

இருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாறி வந்தவர் பேசும் படத்துக்கு இன்றுவரை பாடமாகக் காட்டப்படுவது 1964இல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க அதிபர் ஜான்சனின் அணி எடுத்தது. குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர், தனியாக, நான்கு நிமிடத்துக்கு மேல் பேசுகிறார். அப்பா அந்தக் கட்சி, தாத்தா அந்தக் கட்சி, முதல் வாக்கு ஐசனோவருக்கு. ஆனால் இந்த முறை தன் கட்சி வேட்பாளர் கோல்டுவாட்டரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்கிறார். சட்டென்று சொல்லவில்லை. நிறுத்துகிறார், பேச்சை விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறார், சிகரெட் பற்ற வைக்கிறார். ஜான்சனைப் புகழ்வது மிகக் குறைவு. தன் பழைய கட்சியை ஒரு இடத்திலும் கேவலப்படுத்தவில்லை. அதனால் பார்க்கிற கட்சிக்காரருக்கு "துரோகி" என்று தோன்றாமல் "எனக்கும் இதேதான் உறுத்துகிறது" என்று தோன்ற இடம் இருந்தது. பேசியவர் வில்லியம் போகர்ட், தொழிலால் நடிகர். ஆனால் உண்மையிலேயே குடியரசுக் கட்சிக்காரர். அது பொய்யாக இருந்திருந்தால் படம் அன்றே செத்திருக்கும். 52 ஆண்டு கழித்து 2016இல் ஹிலாரி கிளின்டன் அணி அதே மனிதரை மறுபடி உட்கார வைத்துப் பேச வைத்தது.

இப்போது செய்முறை.

ஆள் தேர்வு: பன்னிரண்டு பேரையும் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் கால் மணி நேரம் பேசுங்கள். மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள். தனக்கு நேர்ந்த, தேதி சொல்லக்கூடிய ஒரு நிகழ்வு. போன தடவை வேறு மாதிரி நினைத்தவரா. சொந்த வாயால் பேசுகிறாரா, மேடைப் பேச்சை ஒப்பிக்கிறாரா. நான்கு பேர் தேறினால் பெரிது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர், வேட்பாளரின் உறவினர், ஒப்பந்தக்காரர் மூவரையும் ஆரம்பத்திலேயே நீக்குங்கள். "சாதாரண வாக்காளர்" என்று காட்டிய முகம் வட்டச் செயலாளர் என்று தெரிந்தால் அப்புறம் மற்ற மூன்று படங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு வரிகூட. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவர் கண் மேலும் கீழும் போகும், மூச்சு தப்பான இடத்தில் விழும். கேள்வி கேட்டுப் பேச விடுங்கள். ஒருவருக்கு 30, 40 நிமிடம். தேறுவது 20 நொடி.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். "அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கினால் "ரொம்ப நல்லவர், எல்லாருக்கும் உதவுவார்" என்று வரும். குப்பை. முதலில் பிரச்சினை: எப்போது, எங்கே, யாரிடம் போனீர்கள், என்ன சொன்னார்கள். அடுத்து: அதற்கு முன்னால் இவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? பிறகு: வீட்டில் இதற்கு என்ன சொன்னார்கள்? கடைசியில்: இவரிடம் இன்னும் பிடிக்காதது என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்கக் குழுவினர் பயப்படுவார்கள். ஆனால் நம்பும்படியான வாக்கியம் பெரும்பாலும் அதற்குப் பதிலாகத்தான் வரும்.

பதிலில் கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "ரெண்டு வருஷம்" என்று மட்டும் சொன்னால் வெட்டுமேசையில் அது எதற்கும் உதவாது.

மாதிரிக்கு ஒன்று, 15 நொடிக்கு:

"போன தடவை நான் இவருக்குப் போடல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சாக்கடை ரெண்டு வருஷம் திறந்தே கிடந்துச்சு. மனு குடுத்தேன். பதினோரு நாள்ல மூடிட்டாங்க. எங்க கட்சி ஆளு அதைச் செய்யல. இந்தத் தடவை இவருக்குத்தான்."

25 சொல். பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. "பதினோரு நாள்" என்பதுதான் இதில் எடை தாங்குகிற சொல். "சீக்கிரமே" என்று போட்டுப் பாருங்கள், படுத்துவிடும். "போன தடவை போடல" முதல் வாக்கியமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: எதிரணி வாக்காளர் விரலை நகர்த்துவதற்குள் அவர் காதில் விழ வேண்டிய செய்தி அது.

படப்பிடிப்பு: பேசுகிறவர் லென்ஸைப் பார்க்க வேண்டாம். லென்ஸுக்கு ஒட்டினாற்போல் ஒரு கையகலம் தள்ளிக் கேள்வி கேட்பவர் உட்காரட்டும், பார்வை அவர் மேல் இருக்கட்டும். 1962இல் வால்ஸ்டர், ஃபெஸ்டிங்கர் காட்டியது இது: தன்னிடம் நேராகச் சொல்லப்படும் வாதத்தைவிட, தற்செயலாகக் காதில் விழுந்ததாகக் கேட்பவர் நினைக்கும் வாதம் சில நேரம் நன்றாக எடுபடுகிறது. வெளியே எடுத்தால் காலர் மைக்கும் காற்றுத்தடுப்பும் கட்டாயம். படம் சுமாராக இருந்தால் உண்மை போலத் தோன்றும். ஒலி சுமாராக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இடம், பேச்சில் வரும் இடமாகவே இருக்கட்டும். பின்னணியில் கட்சிக்கொடி, தலைவர் படம், கட்சி நிறச் சட்டை எதுவும் வேண்டாம்.

பெயரும் தொழிலும் திரையில் குறைந்தது மூன்று நொடி நிற்க வேண்டும். "வாக்காளர்" என்று மட்டும் போடுவது போடாததற்குச் சமம். செவிலியர், ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று போட்டால்தான் மையப்புள்ளி சொன்ன ஊகம் நடக்கும். பெரும்பாலோர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் வசன எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். பேச்சுவழக்கை எழுத்துவழக்காகத் திருத்தாதீர்கள். வாய் ஒன்று சொல்ல எழுத்து ஒன்று சொன்னால் டப்பிங் படம் மாதிரி இருக்கும்.

வேட்பாளர் முகம் கடைசி மூன்று நொடி மட்டும்.

#7 கத்தரிமேசை

பன்னிரண்டு முகத்தையும் ஆளுக்கு ஒரு வரியாகக் கோத்து 30 நொடியில் ஓடவிடுகிறார்களே, அது?

#8 வரிவடிவம்

ஆளுக்கு இரண்டரை நொடி. பெயரைப் படிக்கவே நேரம் போதாது. என்ன காரணம் என்று யாருக்கும் நினைவில் நிற்காது. அது "நிறையப் பேர் இந்தப் பக்கம்" என்பதை மட்டும் சொல்லும். கடைசி வாரத்தில், ஏற்கெனவே தனித்தனிப் படமாகப் பார்த்த முகங்களைத் திரும்ப ஒன்றுசேர்க்கும்போது பயன்படும். முதல் வாரத்தில் வீண்.

ஒரே வாக்கியத்தைப் பன்னிரண்டு பேர் துண்டு துண்டாகச் சொல்லி முடிப்பது இன்னொரு வழக்கம். "நான்...", "நம்புகிறேன்...", "ஏனென்றால்..." எழுதிக் கொடுத்தது என்பதை இதைவிடத் தெளிவாக அறிவிக்க முடியாது.

#9 களத்துமேடு

> நிறையப் பேர் இந்தப் பக்கம்

இதில் ஒரு கண்ணி உண்டு. "நம் ஆட்கள் பலர் வாக்களிக்கப் போவதில்லை, நீங்களாவது வாருங்கள்" என்று ஆதரவாளரைப் பேச வைக்கிறார்கள். கேட்பவர் காதில் விழுவது "யாரும் போவதில்லை" என்பது மட்டும்தான். போகிறவர்களைக் காட்டுங்கள், போகாதவர்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

துண்டறிக்கையில் ஆதரவாளர் பட்டியல் போடுகிறவர்களுக்கும் ஒன்று. 300 பெயரை அகரவரிசையில் அச்சடித்தால் யாரும் படிப்பதில்லை. தெருவாரியாகவோ வாக்குச்சாவடிவாரியாகவோ பிரித்து, அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தப் பெயர் 15, 20 மட்டும் போட்டுத் தனித்தனியாக அச்சடியுங்கள். அச்சுச்செலவு கூடும், தெரிந்த பெயரைத் தேடி விரல் ஓடும். ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துமூலச் சம்மதம் இருக்க வேண்டும். "நான் எப்போ சொன்னேன்?" என்று ஒரே ஒருவர் கேட்டுவிட்டால் மீதிப் பெயர்களும் போச்சு.

சமூக ஊடகத்தில் தன்னார்வலர் ஐம்பது பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பி ஒட்டச் சொல்வதும் இதே வியாதி. யாராவது ஒருவர் தேடுபெட்டியில் அந்த வரியைப் போட்டுத் திரைப்பிடிப்பு எடுத்தால் உண்மையான ஆதரவும் போலியாகத் தெரியும். வாசகம் கொடுக்காதீர்கள். "இந்த மூன்றில் உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைப் பற்றி இரண்டு வரி" என்று கேள்வியைக் கொடுங்கள்.

#10 சட்டப்புள்ளி

தாள் வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டியவை: எந்தெந்த ஊடகம், எத்தனை நாள், வெட்டிச் சுருக்க அனுமதி, வேறு படத்தில் சேர்க்க அனுமதி உண்டா இல்லையா, எப்படித் திரும்பப் பெறுவது. வெட்டி முடித்த படத்தைப் பேசியவருக்குக் காட்டி "நான் சொன்னது இதுதான்" என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். முழுப் பதிவையும் அழிக்காமல் வையுங்கள். வெட்டித் திரித்தார்கள் என்று புகார் வரும்போது அந்த 40 நிமிடம்தான் துணை.

வரிவடிவத்தின் மாதிரியில் "பதினோரு நாள்" இருக்கிறது. அருமை. ஆனால் மனு கொடுத்த தேதி, வேலை முடிந்த தேதி இரண்டுக்கும் சான்று கோப்பில் இருக்க வேண்டும். பேசியவர் நினைவிலிருந்து சொன்னது 11, பதிவேட்டில் 31 என்றால் எதிரணி அடுத்த படத்தை இலவசமாக எடுத்துவிடும்.

சீருடை வேண்டாம். காவல், ராணுவம், தேர்தல் பணியில் உள்ள அரசு ஊழியர்கள் கட்சிப் பிரசாரத்தில் வருவதைப் பல நாடுகள் தடுக்கின்றன. ஓய்வுபெற்றவரானால் "ஓய்வு" என்று திரையில் வரட்டும். பணம் கொடுத்துப் பேச வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். யார் வெளியிட்டது என்ற வரியும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2002 சட்டத்தின்படி கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர் தன் தொலைக்காட்சி, வானொலி விளம்பரத்தில் "இதற்கு ஒப்புதல் அளித்தேன்" என்று தானே சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2022 தேர்தல் சட்டம் இணைய விளம்பரத்துக்கும் வெளியிட்டவர் விவரத்தைக் கட்டாயமாக்கியது, 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 15 நொடிப் படத்தில் இதற்கே மூன்று நான்கு நொடி போகும். வசனத்தை அதற்கேற்ப எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் குரல், முகம் எதுவும் வேண்டவே வேண்டாம், "ஒரு சொல் மட்டும் சரிசெய்கிறோம்" என்றாலும். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் குரலைப் போலியாக வைத்துத் தொலைபேசி அழைப்பு விட்ட ஆலோசகருக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் விதித்த அபராதம் 60 லட்சம் டாலர்.

#11 மையப்புள்ளி

ஆதரவாளருடைய பழைய பதிவுகளைப் பார்ப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு பின்னால் போய்ப் பாருங்கள். மாறி வந்தவர் பழைய கட்சியைப் புகழ்ந்து எழுதியிருந்தால் அது குறையல்ல, சாட்சி. ஆனால் வேறொரு சமூகத்தைத் திட்டியிருந்தால் படம் வெளியான அன்றே அது திரைக்கு வரும்.

ஆதரவாளரே வேட்பாளரைக் கவிழ்ப்பதற்கு எதிரி தேவையில்லை என்பதற்கும் ஒன்று சொல்லலாம். 1960 ஆகஸ்டில் நிருபர் ஒருவர் அதிபர் ஐசனோவரிடம், உங்கள் துணை அதிபரும் இந்தத் தேர்தலில் உங்கள் கட்சி வேட்பாளருமான நிக்சன் கொடுத்த யோசனையில் நீங்கள் ஏற்றுக்கொண்ட பெரியது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒரு வாரம் கொடுத்தால் ஒன்று நினைவுக்கு வரலாம் என்று பதில் வந்தது. எதிர்த்து நின்ற கென்னடி அணி அதை அப்படியே விளம்பரமாக ஓட்டியது. உங்கள் தொழிற்சங்கத் தலைவரிடமும் திரைமுகத்திடமும் நிருபர் கேட்கப் போகும் முதல் கேள்வி இதுதான்: "அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்." விடை தயாராக இல்லாத ஆதரவாளரைப் பத்திரிகையாளர் முன் நிறுத்தாதீர்கள்.

#12 எண்கணி

சோதிப்பது பற்றி. குழு உட்கார்ந்து "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று கை தூக்குவது சோதனை அல்ல. பார்த்தவர்களிடம் "இது உங்கள் மனதை மாற்றியதா?" என்று கேட்பதும் அல்ல. ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர் எல்லாரும் "ஆமாம்" என்பார்.

கருத்துக்கணிப்பு மாதிரியில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். ஒரு பகுதிக்கு ஆதரவாளர் படம், இன்னொரு பகுதிக்கு அரசியல் சாராத ஏதோ ஒரு படம். பிறகு இருவரிடமும் ஒரே கேள்விகள், படத்தைப் பற்றிய கேள்வி கடைசியில். அளவு எவ்வளவு வேண்டும்? ஆதரவு 50 சதவீதம் சுற்றி இருக்கும்போது 5 புள்ளி வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கப் பகுதிக்கு ஏறத்தாழ 1,570 பேர். 2 புள்ளி என்றால் 9,800. ஆதரவாளர் படத்தால் 2 புள்ளி வந்தாலே பெரிது என்று மேலே பார்த்தோம். எனவே 400 பேரிடம் சோதித்துவிட்டு "செவிலியர் படம் ஓட்டுநர் படத்தை வென்றது" என்று அறிக்கை கொடுக்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அவ்வளவு ஆள் கிடைக்காவிட்டால் மனமாற்றத்தை அளக்கும் ஆசையை விட்டுவிட்டு நினைவை அளங்கள். பார்த்து ஒரு நாள் கழித்து மூன்று திறந்த கேள்வி: யார் பேசினார், எதற்காக ஆதரிக்கிறார், எந்த வேட்பாளர். இதற்கு நூறு பேரே போதும். முகமும் காரணமும் நினைவிருந்து வேட்பாளர் பெயர் வராவிட்டால் வெட்டுவதில் கோளாறு. வேட்பாளர் பெயர் மட்டும் வந்து காரணம் வராவிட்டால் ஆள் தேர்வில் கோளாறு. திரைமுகப் படங்களில் முதல் வகைக் கோளாறு சகஜம். நடிகர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுவரை சொல்வார்கள்.

#13 கத்தரிமேசை

இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. ஐந்து வாரத்தை எப்படிப் பிரிப்பது?

#14 எண்கணி

2006 டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் கெர்பர் முதலானோர் தொலைக்காட்சி விளம்பரத்தைக் குலுக்கல் முறையில் ஓடவிட்டு அளந்தார்கள். ஓடிய வாரத்தில் விளைவு நன்றாகத் தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி மறைந்தது. அதனால் முதல் வாரத்தில் கொட்டிவிட்டு அமைதியாவது மோசமான திட்டம்.

#15 மையப்புள்ளி

முழுதும் ஒத்துக்கொள்ள முடியாது. ஹோவ்லண்ட், வைஸ் 1951இல் செய்த சோதனையில், நம்பத்தகுந்தவர் சொன்னதால் கிடைத்த கூடுதல் தாக்கம் நான்கு வாரத்தில் போய்விட்டது. ஆனால் சொல்லப்பட்ட செய்தி மறக்கவில்லை. சொன்னவர் யார் என்பதுதான் செய்தியிலிருந்து கழன்றுகொண்டது. சாக்கடை மூடிய செய்தி முதல் வாரத்தில் பதிந்தால் ஐந்தாம் வாரம்வரை நிற்கும். வெறும் "இவர் ஆதரிக்கிறார்" நிற்காது, கடைசியில்தான் வர வேண்டும்.

#16 வரிவடிவம்

இரண்டையும் சேர்த்தால் திட்டம் தானாக வந்துவிடுகிறது. முதல் இரண்டு வாரம் நான்கு தனிப் படங்கள், நீளமாக, 60 நொடி வரை, இணையத்திலும் சிறு கூட்டங்களிலும். வேட்பாளர் யார் என்று தெரியாத பகுதிகளுக்கு அதிகமாக. மூன்றாம் வாரம் தொழிற்சங்கக் கடிதம், உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும், அவர்கள் கிளைச் செயலாளர் கையெழுத்தோடு. பொதுமக்களுக்கு அல்ல. நான்காம் வாரம் அந்த நான்கு படங்களின் 15 நொடி வடிவம், தொலைக்காட்சியில். ஐந்தாம் வாரம் முகங்களைக் கோத்த படம், திரைமுகத்தின் "நாளை மறுநாள் வாக்குப்பதிவு, காலையிலேயே போய்விடுங்கள்", களத்துமேடு சொன்ன தெருவாரிப் பெயர்கள்.

ஒரே முகத்தை ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டாமல் இருக்க, விளம்பரத் தளத்தில் ஆளுக்கு வாரத்துக்கு மூன்று முறை என்று உச்சவரம்பு வையுங்கள். எட்டாவது தடவை பார்க்கும்போது சாக்கடை அம்மா மேலேயே எரிச்சல் வரும். பாவம், அவர் அதே தெருவில் குடியிருக்க வேண்டியவர்.

#17 களத்துமேடு

அதையும் சொல்லவேண்டும்தான். படம் வந்த பிறகு பேசியவருக்கு அழைப்பு, வசவு, கேலிப்படம் வரும். முகவரி தெரியும்படி வீட்டு வாசலில் எடுக்காதீர்கள். தெருப்பலகை, வண்டி எண், குழந்தையின் பள்ளிச் சீருடை மூன்றும் சட்டகத்தில் இருக்கிறதா என்று வெளியிடும் முன் ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கருத்துப்பெட்டியைக் கவனிக்க முதல் 48 மணி நேரம் ஒருவரை உட்காரவையுங்கள். பேசியவர் நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்த வேண்டும், ஓட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

#18 கத்தரிமேசை

எல்லாருக்கும் நன்றி. பன்னிரண்டு பேரிடம் பேசத் தொலைபேசிக் கேள்வித்தாள் ஒன்று தயார்செய்து இங்கேயே ஒட்டுகிறேன், குறை சொல்லுங்கள். சட்டப்புள்ளி, சம்மதப் படிவத்தில் "திரும்பப் பெறுவது" பகுதியை நீங்கள் எழுதித் தர முடியுமா?

#19 சட்டப்புள்ளி

தருகிறேன். கேள்வித்தாளின் முதல் கேள்வியாக "இதற்கு யாராவது பணம் தருவதாகச் சொன்னார்களா?" என்பதைப் போட்டுவிடுங்கள்.